மீன் சாப்பிடுகிறவர் நாய்க்காகப் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

செம்பூரிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள், ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்களை ரொம்ப நாளாகப் படித்தாலும் எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் குடியிருப்பு சொசைட்டி காம்பவுண்டுக்குள் நாலு நாய்கள் இருக்கின்றன. போன மாதம் அதில் ஒன்று இரண்டாவது மாடிப் பையனைக் கடித்துவிட்டது. எட்டு வயசுதான். ஊசி போட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். அன்றிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. நாய்களை வண்டியில் ஏற்றி எங்காவது தூரத்தில் விட்டுவிட வேண்டும் என்று அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்கில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். ராத்திரி சோறு வைக்கிற காலேஜ் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அவளும் சும்மா இல்லை, சட்டப் பிரிவு எண்களைப் போடுகிறாள், வீடியோ எடுத்து வெளியே விடுவேன் என்கிறாள். எனக்கு அவள் பக்கம் பேச வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் கடிபட்ட பையனின் அம்மா என் சிநேகிதி.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மீனோ கோழியோ இல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது. ஸ்டேஷன் போகிற வழியில் ஸ்கூட்டரில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எனக்கு விலங்குகளின் உரிமை பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது? என் வீட்டுக்காரர், "மனுஷனுக்கே இங்கே வழியைக் காணோம், இதில் நாய்க்கு உரிமையா?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான். என்னைப் போன்றவர்கள் அன்றாட வாழ்க்கையில் என்னதான் செய்ய முடியும்?

எஸ்., செம்பூர்

*

அன்புள்ள எஸ்.,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. உங்கள் கட்டடத்தை அடையாளம் காட்டக்கூடிய சில வரிகளையும் எடுத்துவிட்டேன்.

மீன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாகப் பேசலாம். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டினுடையது. மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரையும் அது விலங்கு என்றே சொல்கிறது, உங்கள் சட்டியில் விழுகிற மீனும் அதில் சேர்த்திதான். உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் கொல்லும்போதோ கொண்டுபோகும்போதோ தேவையில்லாத வேதனை கொடுத்தால் குற்றம் என்கிறது. ஆக, கறி சாப்பிடுகிறவர்கள் நிறைந்த நாட்டுக்காக, அது தெரிந்தே எழுதப்பட்ட சட்டம் அது. நான் அசைவத்தை விட்டவன். நீங்களும் விட்டால் சந்தோஷப்படுவேன், குறைத்தாலும் சந்தோஷப்படுவேன். ஆனால் அதை ஒரு தகுதியாக வைத்தால் இந்த நாட்டில் வாயில்லா ஜீவன்களுக்காகப் பேச ஆளே மிஞ்சாது.

அந்தக் கோழிகளை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டிரண்டாகக் காலைச் சேர்த்துக் கட்டி, கைப்பிடியின் இரு பக்கமும் கொத்தாகத் தொங்கும். சிக்னலில் வண்டி நிற்கும்போது கிட்டத்தில் பார்த்தால் தெரியும்: ஒவ்வொன்றும் கழுத்தை மேல்நோக்கி வளைத்துத் தலையை நிமிர்த்தப் பார்க்கும், முடியாமல் விட்டுவிடும், மறுபடி நிமிர்த்தும். அலகு திறந்தே இருக்கும். நமக்கு இருப்பதுபோல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் பறவைகளுக்கு இல்லை. தலைகீழாகத் தொங்கும்போது வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் சரிந்து மூச்சுக் காற்றுப் பைகளை அழுத்துகிறது. அந்தத் திறந்த அலகு மூச்சுக்குத் திணறுகிற அலகு. வேதனை உண்டாகும் விதத்தில் ஒரு விலங்கைச் சுமந்துபோவது 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் நேரடியாகவே குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் என்னைவிட உங்களால்தான் அதிகம் செய்ய முடியும். நான் போய்ச் சொன்னால், கோழியே வாங்காதவன் என்று கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். நீங்கள் வாரா வாரம் காசு கொடுப்பவர். வாங்குவதற்கு முன்னால், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, "பாயி, இந்தக் கால்கட்டித் தொங்கவிட்டு வருகிற கோழி எனக்கு வேண்டாம், கிரேட்டில் வருகிற கோழியாக இருந்தால் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். மீன்காரம்மாவிடம் இது நேற்றைய மீனா என்று எப்படிக் கேட்பீர்களோ அப்படிச் சாதாரணமாகக் கேளுங்கள். உங்கள் கட்டடத்திலேயே இன்னும் இரண்டு பேரைக் கேட்கச் சொல்லுங்கள். மொத்தக் கடையிலிருந்து சரக்கு ஏற்றிவரும் பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் கிரேட்டை வண்டியின் பின்னால் கட்டுவது பெரிய செலவில்லை. யாரும் கேட்காததால்தான் கட்டுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். திருப்பாமல் பார்ப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன். பார்த்தால்தான் கடையில் போய்ச் சொல்வதற்குத் தைரியம் வரும்.

சரி, உங்கள் மீட்டிங்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதுதான் அவசரம்.

மீட்டிங்குக்கு முன்னால் நீங்கள் போக வேண்டியது அந்தக் காலேஜ் பெண்ணிடம் அல்ல, உங்கள் சிநேகிதி வீட்டுக்கு. பையனைப் பாருங்கள். காயம் எப்படி இருக்கிறது, எத்தனை ஊசி போட்டார்கள், இன்னும் பாக்கி இருக்கிறதா, ராத்திரி தூக்கத்தில் பயந்து எழுகிறானா என்று கேளுங்கள். நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்க வேண்டாம். அவர்களுக்கு இருப்பது வெறுப்பு என்று குரூப்பில் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எட்டு வயசுப் பிள்ளையின் காலில் பல் பதிந்ததைப் பார்த்த தாய்க்கு இருப்பது பயம். விலங்குகளுக்காகப் பேசுகிறவர்கள் பல இடங்களில் தோற்றுப்போவது அந்தப் பயத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பதால்தான். பயத்துக்குப் பதில் சொல்லாமல் சட்டம் பேசினால், சட்டமும் அவர்களுக்கு எதிரி ஆகிவிடுகிறது.

அந்தப் பயத்தைப் போக்கக்கூடிய ஒரு விஷயம் உங்களிடமே இருக்கிறது. கடித்த நாய் பத்து நாளைக்குப் பிறகும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருக்காது. அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்கிறார்கள். உங்கள் காம்பவுண்டு நாய் கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஓடியாடிக்கொண்டிருக்கிறது என்றால் பையனுக்கு அந்த நாயிடமிருந்து ரேபிஸ் வராது. இதை உங்கள் சிநேகிதிக்கு டாக்டர் சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் அவர் காதில் விழாமலும் போயிருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள், டாக்டரிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பாக்கி ஊசி இருந்தால் அதைப் போடுவதா நிறுத்துவதா என்பதும் டாக்டர் முடிவு. கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிய வேண்டிய இன்னொன்று: கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அப்புறம் நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஊசி. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, நேரத்தில் ஊசி போட்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. இதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவைப்பதுகூட நாய்களுக்காகச் செய்கிற வேலைதான்.

அடுத்து, ஏன் கடித்தது என்று பார்க்க வேண்டும். குட்டி போட்டிருந்ததா, சாப்பிடும்போது பையன் பக்கத்தில் போனானா, யாராவது முன்பு அடித்திருக்கிறார்களா, உடம்பில் புண் இருக்கிறதா. வாட்ச்மேனுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும், அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காரணமே இல்லாமல் திரும்பத் திரும்பப் பாய்கிற நாய் என்றால் அதைப் பரிசோதனைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் பரிதாபம் பார்க்கக் கூடாது. நாலு நாயில் ஒன்றைப் பற்றி இப்படி நேர்மையாகப் பேசினால்தான் மற்ற மூன்றைப் பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்பார்கள்.

மாட்டுங்காவில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அம்மா இருக்கிறார், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் சொசைட்டியிலும் இதே தீர்மானம் வந்தது. அவர் மீட்டிங்குக்கு ஒரு சாதாரண நூறு பக்க நோட்டு கொண்டுபோனார். ஒரு நாய்க்கு இரண்டு பக்கம். மேலே போட்டோ ஒட்டி, ஆணா பெண்ணா, எந்த மூலையில் படுக்கும், காதில் வெட்டு இருக்கிறதா என்று எழுதியிருந்தார். கருத்தடை முடிந்த தெருநாய்க்கு அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டு போட்டிருப்பார்கள். கீழே தடுப்பூசி போட்ட தேதி, பக்கத்திலேயே அந்த ஊசி மருந்துக் குப்பியிலிருந்து உரித்த லேபிள். நோட்டைச் செக்ரட்டரி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது ஒவ்வொரு கையாகப் போனது. நாய்களைத் துரத்த வேண்டும் என்று சொன்னவர்களே பக்கத்தைத் திருப்பி, "இது நம்ம பி விங் வாசலில் படுக்கிறதுதானே" என்று பேச ஆரம்பித்தார்கள். "நாய்த் தொல்லை" என்று தீர்மானத்தில் இருந்தது அங்கே ஐந்து தனித்தனி நாய்களாக மாறியதை நான் கேள்விப்பட்டபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வாட்ச்மேனிடம் மராத்தியிலும் செக்ரட்டரியிடம் குஜராத்தியிலும் பேசக்கூடியவர் அவர். இந்த ஊரில் அதுவும் பெரிய பலம். உங்களுக்கு ஃபோர்ட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்த பழக்கம் இருக்குமே.

நீங்களும் அந்தப் பெண்ணும் சேர்ந்து இப்படி ஒரு நோட்டு தயார் செய்யுங்கள். எதற்கு வெட்டு இல்லையோ, எதற்கு ஊசி இல்லையோ, அதைச் செய்து தரச் சொல்லி மாநகராட்சியின் உங்கள் வார்டு ஆபீஸுக்கு எழுத வேண்டும். நாய்களை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நடந்ததையே சொல்லலாம். குப்பையும் மிச்சச் சோறும் இருக்கிற இடம் காலியாக இருக்காது. பக்கத்துத் தெருவிலிருந்து ஊசியும் போடாத, கருத்தடையும் ஆகாத நாய்கள் வந்து உட்காரும், குட்டி போடும். வருஷா வருஷம் கொன்று பார்த்த பிறகுதான் மும்பை மாநகராட்சி 1994இல் அதை நிறுத்திக் கருத்தடைக்கு வந்தது. சென்னையில் புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு பல வருஷம் மன்றாடி, 1996இல்தான் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு வந்தது. கருணையால் மட்டும் வந்த மாற்றம் இல்லை அது. கொன்று கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை என்பதும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். அதே விதிகள் சோறு வைப்பவர்களுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், மாடிப்படி இவற்றுக்குத் தள்ளி, குழந்தைகளும் வயதானவர்களும் அதிகம் நடமாடாத நேரத்தில் வைக்க வேண்டும், இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். இடத்தை முடிவு செய்வதில் சொசைட்டிக்கும் பொறுப்பு உண்டு. அந்தக் காலேஜ் பெண் இந்த இரண்டாவது பாதியையும் படித்திருக்கிறாளா என்று கேளுங்கள். வாசலில் வைக்கிறாள் என்றால் அதை அவள் தானாக முன்வந்து மாற்றட்டும். மீட்டிங் தொடங்கும் முன்பே மாற்றிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதி நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உங்கள் குரூப்பில் ஓடியிருக்கும். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது ஓடியிருக்காது. ரேபிஸ் உள்ளவை, சந்தேகப்படுபவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றை ஊசி போட்டுக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடச் சொன்னார்கள். சோறு வைக்க இடம் ஒதுக்கச் சொன்னார்கள், கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நவம்பர் 7 உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. வழக்கு அதோடு நிற்கவில்லை, அதனால் மீட்டிங்குக்கு முதல் நாள் கடைசி உத்தரவு எது என்று பார்த்துக்கொண்டு போங்கள். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் எடுக்காதீர்கள். நோட்டு முதலில், பையன் முதலில். யாராவது விஷம் வைப்பேன் என்று பேசினால் மட்டும் உடனே எழுந்து சொல்லுங்கள்: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. அதை நிதானமான குரலில் சொன்னாலே போதும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். மனுஷனுக்கே வழியில்லை என்பது உண்மை. இந்த ஊரில் ராத்திரி தெருவில் படுப்பவர்கள், விடியற்காலை குப்பை அள்ளப் போகிறவர்கள், குப்பை பொறுக்குகிற பிள்ளைகள் இவர்களைத்தான் நாய் அதிகம் நெருங்குகிறது. ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நாய்களுக்குள் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்பதும் அவர்கள் கணக்குத்தான். அப்படியானால் நாயைப் பிடித்து ஊசி போடுகிறவர் யாருக்கு வேலை செய்கிறார்? பிளாட்பாரத்தில் தூங்குகிற குழந்தைக்குத்தானே. உங்கள் வீட்டுக்காரர் எந்த மனிதர்களை நினைத்து அப்படிக் கேட்டாரோ, அவர்களுக்காகவேதான் உங்கள் வார்டில் ஊசி போடும் வண்டி வர வேண்டும். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். அவரையும் அந்த வார்டு ஆபீஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இது இந்த ஊருக்குப் புதுச் சண்டையும் இல்லை. 1832 ஜூனில் பிரிட்டிஷ் நிர்வாகம் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டு, வீட்டு வாசலில் நின்ற நாய்களைக்கூட அடித்துக் கொன்றபோது பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். மற்ற வியாபாரிகளும் சேர்ந்துகொண்டு கடைவீதியை அடைத்தார்கள். கோட்டைக்குள் சரக்கு போகவில்லை. கடைசியில் கொல்வதற்குப் பதில் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது என்று நிர்வாகம் இறங்கிவந்தது. நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற அதே ஃபோர்ட். பரேலில் இருக்கிற விலங்கு மருத்துவமனையும் ஒரு பார்சிக் குடும்பத்தின் கொடைதான், அதை நடத்தும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1874இல் தொடங்கியது.

சோறு வைப்பது, தானியம் போடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. புறாக்களுக்குத் தானியம் போடுகிற இடமான தாதர் கபூதர்கானாவை 2025இல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், பெரிய போராட்டம் நடந்தது. போராடியவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டி ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் புறாக்களைச் சேர்ப்பது புறாவுக்கும் நல்லதில்லை, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் நல்லதில்லை. காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் நுரையீரலில் ஒவ்வாமை நோயைக் கொண்டுவருகின்றன, சிலருக்கு அது திரும்பச் சரியாவதே இல்லை. புறாவுக்குப் பேசுகிறவர் அந்தக் கட்டடத்து நோயாளியிடமும் போய்ப் பேசியிருக்க வேண்டும். நமக்குப் புண்ணியம் என்று நினைத்துச் செய்வது எதுவும் அந்த உயிருக்கு நல்லதுதானா என்று தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டளவில் செய்யக்கூடியவை நிறைய, நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். சில மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைக்கிற நட்சத்திர ஆமையும் அப்படித்தான். சொந்தத்தில் யாராவது வாங்க நினைத்தால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. குழந்தைக்கு நாய் வேண்டும் என்று கேட்பவர்களைக் கடைக்கு அனுப்பாமல் காப்பகத்துக்கு அனுப்புங்கள். மகர சங்கராந்திக்குப் பட்டம் விடுகிற பிள்ளைகளிடம் நைலான் மாஞ்சா வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது தடை செய்யப்பட்டது, பருந்து, கொக்கு, பைக்கில் போகிற மனிதர் எல்லார் கழுத்தையும் அறுக்கிறது.

கொடி பிடிக்கிற ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் மதுரையில் பிறந்து, அடையாறில் நடனப் பள்ளி நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தனி உறுப்பினராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கமிட்டி போட்டார்கள், வருஷங்கள் போயின, அவர் விடவில்லை. 1960இல் சட்டம் வந்தது, 1962இல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் சென்னையில் தொடங்கியது. உங்கள் சொசைட்டி மீட்டிங்கின் பொறுமை அந்த வேலையில் இருக்கிறது: ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில், அந்த விலங்கு இல்லாத இடத்தில், அதற்காகத் தாளோடு உட்கார்ந்திருப்பது.

அந்தச் சட்டத்தில் எனக்குத் தாங்க முடியாத கோபமும் ஒன்று உண்டு. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்று 1960இல் எழுதினார்கள். அன்றைக்கு 50 ரூபாய் ஒரு தொகை. மாட்டின் வாலை முறுக்கி உடைத்தவனும் நாய் மேல் கொதிநீர் ஊற்றியவனும் ஒரு வடாபாவ், டீ காசில் வெளியே வந்துவிடலாம் என்றால் எந்தப் போலீஸ்காரர் புகார் எழுதுவார்? 2022 நவம்பரில் தண்டனையைக் கூட்டும் திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அது என்ன ஆயிற்று என்று உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், அரை பக்கத்தில் விஷயத்தைச் சொல்லி எழுத உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். உங்கள் பிராஞ்சில் நாலு பேர் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது, ஒரே கடிதத்தில் நாலு கையெழுத்தைவிட நாலு கடிதத்துக்கு அங்கே கணக்கு அதிகம்.

வார்டு ஆபீஸ் கடிதம் மட்டும் இந்த வாரமே போக வேண்டும். நாய்களின் எண்ணிக்கை, எதற்குக் காதில் வெட்டு இல்லை, எந்தத் தேதியில் பையனைக் கடித்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். கடித்ததை மறைக்க வேண்டாம். சொசைட்டி லெட்டர்ஹெட்டில் செக்ரட்டரி கையெழுத்தோடு போனால் பலம், உங்கள் சிநேகிதியும் கையெழுத்துப் போட்டால் அதைவிடப் பலம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கடிதம் வந்து சேர்ந்ததற்கான இன்வர்ட் நம்பரும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மீட்டிங்கில் அதைக் காட்டலாம். மராத்தியில் எழுத ஆள் கிடைக்காவிட்டால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

அன்புடன்.